போர் முடிந்தபின் பாடுவது யார்?

படை புறப்படும்போது முரசு கொட்டாத நாடு உலகில் இல்லை. கொம்பு ஊதும், கொடி ஏறும், புலவன் பாடுவான், ஊர் திரண்டு வந்து மாலை சூட்டி வழியனுப்பும். அதே படை, காலிழந்தவனைத் தோளில் தாங்கியும், கண்ணிழந்தவனைக் கையில் பிடித்தும் திரும்பி வருங்கால், அந்த முரசு எங்கே? அந்தப் புலவன் எங்கே? போருக்கு அழைத்த பாட்டு, போரிலிருந்து மீண்டவனுக்கு என்ன செய்தது?

இக்கேள்வியைக் கேட்கும் கடமை தமிழருக்கு இரு வகையில் உண்டு. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இதற்கு விடை கண்ட இலக்கியம் நம்முடையது என்பது ஒன்று. அவ்விடையை மறந்து, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து எழுந்து சென்ற ஏழைத் தொழிலாளரைப் பாட்டால் வழியனுப்பி, மௌனத்தால் வரவேற்றவர்களும் நாமே என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புண்ணைக் காத்த யாழ்

புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய பாட்டு ஒன்று, 281ஆம் பாட்டு, போர்க்களத்தைக் காட்டவில்லை. ஒரு வீட்டைக் காட்டுகிறது. அவ்வீட்டில் புண்பட்ட வீரன் ஒருவன் கிடக்கின்றான். அவன் மனைவி தன் தோழியை அழைக்கின்றாள். வீட்டின் இறைப்பில் இரவமர இலையையும் வேப்பிலையையும் செருகுவோம், யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கட்டும், வெண்சிறுகடுகைத் தூவுவோம், குழல் ஊதுவோம், மணி அடிப்போம், காஞ்சிப் பண் பாடுவோம், வீடெங்கும் நறும்புகை எழுப்புவோம், இவ்வாறு அவன் புண்ணைக் காப்போம், வா என்கின்றாள். அவன் யார்? அரசனுக்கு வந்த துன்பத்தைத் தன் உடம்பில் ஏற்றவன்! புலவர் அவனுக்குத் தரும் அடையாளம் அதுவே. வெள்ளை மாளர் பாடிய 296ஆம் பாட்டோ, ஒரு வீட்டை மட்டுமன்றி ஊரிலுள்ள எல்லா வீடுகளையும் காட்டுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் வேம்பின் கிளை ஒடிக்கின்றனர், காஞ்சி பாடுகின்றனர், கடுகு புகைக்கின்றனர், ஊரே ஆரவாரிக்கின்றது.

புண்பட்டவனைப் பேய் தொடும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அதை நாம் ஏற்க வேண்டுவதில்லை. கடுகுப் புகைக்கு ஓடும் பேயை அறிவுலகம் எப்போதோ ஓட்டிவிட்டது. ஆயின் அந்த நம்பிக்கையின் உள்ளே ஒளிந்திருந்த உண்மையை ஓட்டிவிடக் கூடாது. இரவு முழுதும் வலியால் துடிப்பவனை உறங்காமல் சுற்றி அமர்ந்திருந்தனர்; அவன் தனியன் என்ற எண்ணம் அவனுக்கு வராதவாறு இசை எழுப்பினர். வெற்றி பெற்றானா, தோற்றானா என்று அந்த யாழ் கேட்கவில்லை. புண் இருந்தது, ஆகவே பாட்டு இருந்தது.

மடிந்தவனுக்கும் ஒரு முறை வகுத்திருந்தனர். கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, அதை நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடியும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்கிறது. கவனியுங்கள்: கல் நட்டதோடு கடமை தீரவில்லை, இறுதி நிலை வாழ்த்தல். கல்லுக்கும் ஒரு பாட்டு வேண்டியிருந்தது! ஆநிரை மீட்கப் போய் அம்புபட்டு வீழ்ந்த சாதாரண மனிதனின் பெயர் தாங்கிய நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ளன. அரண்மனைப் பிறப்பு அங்கே தகுதியாகக் கேட்கப்படவில்லை.

பேரரசுகள் எழுந்தபின் காட்சி மாறிற்று. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணி பாடினார். தமிழின் ஓசை வளத்துக்கு அந்நூல் ஓர் உச்சி, மறுப்பாரில்லை. ஆனால் அதில் பெயரோடு விளங்குவோர் முதற் குலோத்துங்கனும் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானும். கலிங்கத்துக்கு நடந்து சென்ற காலாள் பேய்களுக்குக் கூழாகிறான்! புண்ணுக்கு அருகே இருந்த யாழ் அரியணைக்கு அருகே போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று முதல் இசை என்பது வெல்பவனுக்கு அணி, வீழ்பவனுக்கு அயல்.

பிரட்டிலிருந்து பாசறைக்கு

இனி மலாயாவுக்கு வருவோம். நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகரான சிரம்பானை ஒட்டியது ராசா. இன்று அது நகரோடு கலந்த குடியிருப்புப் பகுதி. அதன் பெயரில் ஒரு நாடாளுமன்றத் தொகுதியே உண்டு. முன்னாளில் இவ்வட்டாரமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள், தோட்டமெங்கும் லயங்கள், லயங்களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணியால் அழைத்து வரப்பட்ட குடும்பங்கள். விடியுமுன் மணி அடிக்கும். பெயர் கூப்பிடும் இடத்தில் ஆணும் பெண்ணும் வரிசையாக நிற்க வேண்டும். இதற்குப் 'பிரட்டு' என்று பெயர். இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேடு' என்ற ஆங்கிலச் சொல்லே தமிழர் வாயில் அவ்வாறு உருமாறிற்று. துப்பாக்கி இல்லை, சீருடை இல்லை, விருது இல்லை. பால்வெட்டும் கத்தியும் வாளியும் மட்டுமே. எனினும் தினந்தோறும் அணிவகுப்பு! அத்தொழிலாளி பட்டாளத்தில் சேருமுன்பே பட்டாளத்தானாக நடத்தப்பட்டவன்.

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை தீபகற்பத்தின் வழியே தெற்கு நோக்கிப் பாய்ந்தது. ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. துரைமார் ஓடினர். ரப்பர் வாங்க ஆளில்லை. ஆகவே கூலி இல்லை. கூலி இல்லை, ஆகவே அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. கோணிச் சாக்கே ஆடையாயிற்று. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் இட்ட இரும்புப்பாதைக்கு, எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைத் தின்றன. மரண ரயில் என்ற பெயர் கவிஞன் இட்டதன்று, பிணங்கள் இட்டது.

இந்த இருளின் நடுவே ஓர் அழைப்பு எழுந்தது. 1943 ஜூலை 4இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கம் பிரகடனம் செய்யப்பட்டது. இந்திய தேசிய இராணுவத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து பிடிபட்ட சிப்பாய்கள் மட்டுமன்றி, போர்த்தொழில் அறியாத பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். அவருள் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். அவர்களைப் பயிற்றிய பாசறைகளுள் ஒன்று சிரம்பானில் இருந்தது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் பெண்களிலும் பலர் தோட்டங்களில் பால்வெட்டியவர்களே.

ஏன் சேர்ந்தனர்? தேசபக்தியால் என்று மட்டும் சொல்வது மேடைக்கு அழகு. பசியால் என்று மட்டும் சொல்வது அவர்களுக்கு இழிவு. மரண ரயிலுக்கு ஆள்பிடிப்போர் ஒரு புறம், பாசறைச் சோறு மறு புறம் இருந்தன என்பது உண்மை. ஆயின் மூன்றாவது ஒன்றும் இருந்தது. கங்காணியும் கிராணியும் பெயரைக் கூடச் சரியாக அழைக்காத மனிதனை, அப்பாசறை 'வீரன்' என்று அழைத்தது. சாதிக்கொரு பந்தி என்ற பழக்கத்தை உடைத்து, எல்லா மதத்தாரையும் எல்லாச் சாதியாரையும் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே வரிசையில் உண்ண வைத்தது. ஊரில் செருப்பணிந்து தெருவில் நடக்க முடியாதிருந்தவனின் மகன், பூட்ஸ் அணிந்து நெஞ்சு நிமிர்த்தி நடந்தான். இந்தச் சுயமரியாதையின் சுவையை அறிந்தோரே அவன் ஏன் சேர்ந்தான் என்பதை உணர்வர்.

ராம்சிங்கின் வயலின்

அந்த நடைக்குத் தாளம் வேண்டியிருந்தது. அதைத் தந்தவர் கேப்டன் ராம்சிங் தாக்கூர். 1914ஆம் ஆண்டு இமயமலை அடிவாரத்துத் தர்மசாலா அருகே பிறந்த கூர்க்கா வீரர். கூர்க்காப் படைப் பிரிவில் பணியாற்றிப் போரில் கைதியாகிப் பின் தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். போஸ் அவருக்கு ஒரு வயலினைப் பரிசளித்து, படைக்கு இசையமைக்கும் பொறுப்பைத் தந்தார். 'கதம் கதம் படாயே ஜா' என்ற நடைப்பாட்டுக்கு மெட்டு அமைத்தவர் இவரே. அதன் சொற்கள் வம்சீதர் சுக்லாவுடையவை. தாகூரின் பாடலைத் தழுவி ஆபித் ஹசனும் மும்தாஜ் ஹுசைனும் இந்துஸ்தானியில் எழுதிய 'சுப் சுக் செயின்' என்ற தேசிய கீதத்துக்குப் படை வாத்திய இசை அமைத்தவரும் இவரே.

நடைப்பாட்டின் இயல்பை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். இடது கால் விழும் இடத்தில் அழுத்தம் விழும், அடிகள் சிறியவை, ஒருமுறை கேட்டால் மறுமுறை பாடலாம். நெடுவழி நடப்பவன் தன் களைப்பை மறந்து கூட்டத்தின் மூச்சோடு மூச்சு விடுகிறான். பொருள் விளங்காவிடினும் கால் விளங்கிக்கொள்ளும்! தோட்டத் தமிழனுக்கு இந்துஸ்தானி அயல்மொழி. பாசறையில் அதை ரோமன் எழுத்தில் கற்பித்தனர். போஸின் பேச்சுகளைத் தமிழில் பெயர்த்துரைத்தனர். பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார், பாட்டுக்குத் தேவைப்படவில்லை. இதுவே இசையின் வல்லமை; இதுவே அதன் அபாயமும் ஆகும். பொருளை ஆராயுமுன் காலை நடக்க வைக்கும் ஒன்று, நடந்து சென்றவனுக்குப் பொறுப்பேற்க வேண்டாவா?

போர்முனையின் எதிர்ப்புறத்திலும் ஒரு குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பால், கொஹிமா மலைகளில் பெரும்போர் நடந்தது. அவ்வாண்டின் வசந்தத்தில் வேரா லின் என்ற இளம் ஆங்கிலப் பாடகி, கடல் கடந்து வந்து, பர்மா முனையில் இருந்த பிரிட்டிஷ் தரப்புப் படையினருக்குப் பாடினார். புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் பாசறை பாசறையாகச் சென்றார். மருத்துவமனைக் கொட்டகைகளில் புண்பட்டோர் படுக்கையருகே அமர்ந்தார். அவர் பாட்டு நடைப்பாட்டன்று. பிரிந்தோர் மீண்டும் காண்போம் என்ற ஏக்கப்பாட்டு. இத்தகைய உருக்கமான பாட்டுகள் வீரரின் உறுதியைக் குலைக்கும் என்று லண்டனில் பெரியோர் சிலர் முகம் சுளித்தனர். வீரரோ அவரையே விரும்பினர். ஏனெனில் அவர் படையைப் பாடவில்லை. படையிலிருந்த மனிதனைப் பாடினார். அதைவிடப் பெரியது அதன்பின் நடந்தது. போர் முடிந்தும் அவர் அவ்வீரரை விடவில்லை. பர்மாவில் போரிட்டு மீண்ட முதியோரின் கூட்டங்களுக்குப் பல்லாண்டுகள் சென்றுகொண்டிருந்தார். 1985இல் அவருக்குப் பர்மா விண்மீன் பதக்கம் வழங்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு, தம் 103ஆம் வயதில் மறையும் வரை, வீரரின் தோழி என்ற பெயரை இழக்கவில்லை.

ஒரே மலை, இரு பக்கம். இரு பக்கத்திலும் இந்தியச் சிப்பாய்கள்; இரு பக்கத்திலும் பாட்டு. எது வென்ற பக்கம் என்பதைச் சரித்திரப் புத்தகம் சொல்லும். எந்தப் பக்கத்துப் பாட்டு தன் வீரனோடு இறுதிவரை நடந்தது என்பதே நம் கேள்வி.

சிரம்பானில் விழுந்த திரை

இம்பாலில் பின்வாங்கிய படையை மழையும் பசியும் வயிற்றுக்கடுப்பும் துரத்தின. 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டுப் புறப்பட்டபோது, ஜான்சி ராணிப் படைப் பெண்கள் பாங்காக் நோக்கி நெடுந்தூரம் நடந்தனர். அவரோடு நடந்தவர்களுள் கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் ஒருவர். பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினராகி, 2000ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்று, 2014இல் மறைந்தார். அவர் பெயர் நமக்குத் தெரியும். அவரோடு நடந்த தோட்டத்துப் பெண்களின் பெயர்?

1945 ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் போஸ் சிரம்பானில் இருந்தார். அங்கிருந்த பயிற்சிப் பாசறையின் சிக்கல்களை நேரில் ஆராய வந்திருந்தார். சோவியத் ரஷ்யா போரில் இறங்கிய செய்தியும், ஜப்பான் சரணடையப் போகும் செய்தியும் அவரை வந்தடைந்த இடம் அவ்வூரே. உடனிருந்த விளம்பர அமைச்சர் எஸ்.ஏ. ஐயர் ஒரு தமிழர். அந்த இரவைப் பற்றிப் பின்னர் நூலில் எழுதினார். போஸ் சிங்கப்பூருக்குக் காரில் விரைந்தார். தோட்டத்துப் பையன்கள் நடைப்பாட்டோடு நடை பழகிய ஊரிலேயே அந்தப் படையின் கதைக்குத் திரை விழுந்தது. ராசா வட்டாரத்தார் இதனை எத்தனை பேர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றனர்?

மடிந்த வீரருக்காக 1945 ஜூலை 8இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் நினைவுச் சின்னத்துக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். இரு மாதங்களுக்குள் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். நடுகல்லைத் தகர்க்கலாம், பாட்டைத் தகர்க்க வெடி இல்லை. பாட்டு பிழைத்தது. பிழைத்தது மட்டுமா? செழித்தது! 1947இல் நாடு விடுதலை பெற்றபோது ராம்சிங்கின் வாத்தியக் குழு டெல்லிச் செங்கோட்டையில் இசைத்தது. 1950இல் 'சமாதி' என்ற இந்திப் படம் தேசிய இராணுவக் கதையை வெள்ளித்திரைக்குக் கொண்டுவந்தது. அந்நடைப்பாட்டு இந்திய இராணுவத்தின் அணிவகுப்பு இசையாகவே ஆயிற்று.

பாடிய வீரர் என்னவாயினர்? இந்திய இராணுவம் பாட்டை எடுத்துக்கொண்டது, ஆளை எடுத்துக்கொள்ளவில்லை! தேசிய இராணுவத்தினர், விடுதலைக்குப் பின்னும், இந்தியப் படையில் திரும்பச் சேர்க்கப்படவில்லை. விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டம் 1972இல் வந்தது. பாசறையில் இருபது வயதாக இருந்தவன் அதற்குள் ஐம்பதை நெருங்கிவிட்டான். ராம்சிங் உத்தரப் பிரதேச ஆயுதப் போலீஸ் வாத்தியக் குழுவில் பணியாற்றி, 2002இல் லக்னோவில் மறைந்தார். மலாயாத் தோட்டத் தமிழனோ சீருடையைக் கழற்றிவிட்டு லயத்துக்குத் திரும்பினான். துரை திரும்பி வந்திருந்தார், கங்காணி திரும்பி வந்திருந்தார், விடியுமுன் அதே மணி, அதே பிரட்டு.

ஆனால் அவன் பழைய ஆளாகத் திரும்பவில்லை. நெஞ்சு நிமிர்த்தி நடக்கக் கற்றவனுக்குக் கூனிக் குறுகுவது மறந்துபோயிருந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் 'தொண்டர் படை' எழுந்தது. இளைஞர் அணிவகுத்து நடந்தனர். கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தனர். ஒழுக்கமும் ஒற்றுமையும் பேசினர். போர்க்காலப் பாசறையில் பெற்ற பயிற்சியின் சாயல் அதில் படிந்திருந்தது. அரசாங்கம் அதை அடக்கிற்று. எனினும் தோட்டத் தொழிலாளி தனக்கென்று தானே எழுந்து நின்ற நாள்களுள் அது ஒன்று. தேசிய இராணுவம் டெல்லியைப் பிடிக்கவில்லை என்போர் இதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தவனுக்கு நம் இசையுலகம் என்ன செய்தது? நம் சபாக்கள் கடவுளரைப் பாடின. நம் படங்கள் மன்னரைப் பாடின. விழா மேடைகள் தலைவரைப் பாடின. அவர்கள் பாடப்பட்டது குற்றமன்று. ஆனால் தோட்டத்திலிருந்து போய், இம்பால் வழியில் வயிற்றுக்கடுப்பால் இறந்தவனையும், பிழைத்து வந்து மீண்டும் பால்வாளியைத் தூக்கியவனையும் பாடும் பாட்டு, நம் பிள்ளைகள் வாயில் ஒன்றேனும் உண்டா?

கித்தார் ஏந்தியோர் காட்டிய வழி

முடியாத காரியத்தைக் கேட்கிறோம் என்று சொல்வார் உண்டெனில், அவர் உலகைப் பார்க்கட்டும். அமெரிக்கா வியட்நாமில் நடத்திய போரை அந்நாட்டு இளைஞரே எதிர்த்தனர். கித்தாரும் பறையும் முழங்கும் 'ராக்' இசை அந்த எதிர்ப்பின் நாவாக இருந்தது. செல்வர் பிள்ளைகள் வீட்டில் இருக்க, ஏழைப் பிள்ளைகள் படைக்குப் போகும் அநீதியை 1969இல் ஒரு பாட்டில் சாடிய ஜான் ஃபோகர்ட்டி, தாமே இராணுவச் சேமப் படையில் பணியாற்றியவர். ஆயினும் போரை வெறுத்த சமூகம், மெல்ல மெல்ல, போருக்கு அனுப்பப்பட்டவனையும் வெறுத்துவிட்டது. திரும்பி வந்த வீரர் முகம் மறைத்து வாழ்ந்தனர். உடலூனமுற்றோருக்குச் சரியான மருத்துவமில்லை; உள்ளம் உடைந்தோருக்கு அதுவுமில்லை.

போரில் புண்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்த பாபி முல்லர் என்ற முன்னாள் கடற்படைக் காலாட்படை அதிகாரி, 1978இல் வியட்நாம் வீரருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அது பணமின்றித் தத்தளித்தது. அப்போது முன்வந்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற ராக் பாடகர். உடற்பரிசோதனையில் தேறாமையால் படைக்குப் போகாதவர்; தம் ஊர்த் தோழர்கள் போய் மடிந்ததை மறவாதவர். 1981 ஆகஸ்டு 20இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அச்சங்கத்துக்கு நிதி திரட்டக் கச்சேரி நடத்தினார். மேடையின் ஓரத்திலேயே ஊனமுற்ற வீரருக்கு இடம் அமைத்தார். தாம் பாடுமுன் முல்லரைப் பேசச் செய்தார். ஆயிரக்கணக்கான இளைஞர் ஆரவாரம் செய்ய வந்த அரங்கில், அந்த வீரர்கள் முதன்முறையாகத் தம் முகத்தை மறைக்காமல் அமர்ந்திருந்தனர். அந்த இரவு இல்லாவிடில் தம் இயக்கமே இல்லை என்று முல்லர் பின்னர் நன்றியோடு கூறினார். மறு ஆண்டு நவம்பரில்தான் தலைநகர் வாஷிங்டனில் அவ்வீரருக்கு நினைவுச் சுவர் எழுந்தது. பாட்டு முந்திற்று, கல் பிந்திற்று.

அரிசில் கிழார் காட்டிய வீட்டை நினைவுகூருங்கள். யாழ் இருந்த இடத்தில் கித்தார். வேப்பிலை இருந்த இடத்தில் மருத்துவ நிதி. செய்தி ஒன்றே: புண்பட்டவன் தனியனல்லன்.

இந்தியாவிலும் ஒரு சான்று உண்டு. சீனப் போரில் மடிந்தோரை நினைந்து பிரதீப் எழுதி, சி. ராமச்சந்திரா இசையமைத்த 'ஏ மேரே வதன் கே லோகோ' என்ற பாட்டை, 1963 ஜனவரி 27இல் லதா மங்கேஷ்கர் டெல்லியில் பாடினார். 'சமாதி' படத்துக்கு இசையமைத்தவரும் இதே ராமச்சந்திராதான். கேட்டோர் கண் கலங்கினர். கண்ணீரோடு நிறுத்தாமல், அப்பாட்டின் உரிமைத் தொகை போரில் கணவரை இழந்த பெண்களின் நிதிக்குச் சேர வேண்டுமெனப் பிரதீப் எழுதி வைத்தார். ஆயின் அது முறைப்படி சேரவில்லை. வழக்கு மன்றம் ஏறிற்று. 2005இல் பம்பாய் உயர்நீதிமன்றம், நிலுவைத் தொகையாகப் பத்து லட்சம் ரூபாயைச் செலுத்துமாறு இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஆணையிட்டது. நாடெங்கும் நாற்பதாண்டுகள் பாடப்பட்ட பாட்டு! கண்ணீருக்குத் தட்டுப்பாடு இல்லை. காசு மட்டும் நீதிபதியின் வாயிலாக வர வேண்டியிருந்தது. உருக்கம் வேறு, உதவி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

நாம் செய்ய வேண்டுவது

போரை வெறுப்பவரே வீரனுக்கு நன்கு பாட முடியும் என்பது மேற்கண்ட வரலாற்றின் சாரம். போரைப் போற்றுவோனுக்கு வீரன் ஒரு கருவி. கருவி உடைந்தால் எறிந்துவிடுவான். போரை எதிர்ப்போனுக்கு வீரன் ஒரு மனிதன். உடைந்தபோதுதான் அவனுக்கு நாம் மிகுதியும் தேவை. படைவீரனுக்கு உதவினால் போர்வெறி வளரும் என்று அஞ்சுவோரும், போரைக் கண்டித்தால் வீரனுக்கு இழுக்கு என்று சினப்போரும், ஒரே தவற்றின் இரு முனைகளில் நிற்கின்றனர்.

அன்று சிரம்பான் பாசறையில் இருபது வயதில் நின்றவன் இன்று உயிரோடிருந்தால் நூறு கடந்திருப்பான். அவனுக்கு ஓய்வூதியம் தரும் காலம் போயிற்று. பெயர் தரும் காலம் இன்னும் போகவில்லை. அவன் பேரன், பேத்தியர் இருக்கின்றனர். பெட்டியடியில் பழுப்பேறிய புகைப்படங்கள் இருக்கக்கூடும். தோட்டங்கள் வீட்டுமனைகளாகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன, அவற்றோடு பெயர்களும் புதைகின்றன. ஆகவே ராசாவிலும், சிரம்பானிலும், நெகிரி செம்பிலானின் மற்றத் தோட்டத்து ஊர்களிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஒரு காரியம் செய்யலாம். எந்தத் தோட்டத்திலிருந்து யார் போனார், யார் திரும்பினார், மரண ரயிலுக்கு யார் போனார் என்பதை முதியோர் வாய்மொழியிலிருந்து எழுதி வைக்கலாம். எழுதிய பெயர்களை நம் இளைஞரின் இசைக்குழுக்களிடம் கொடுக்கலாம். கித்தாரோ, உறுமியோ, நாதசுரமோ, கருவி எதுவாயினும் ஆகுக. அப்பெயர்கள் தமிழில் பாடப்படட்டும்.

திருவிழாவுக்குப் பத்து நாள் கச்சேரி வைக்கும் ஊர் நம்முடையது. அதில் ஓர் இரவை இவர்களுக்கு ஒதுக்கினால் எந்தச் சாமியும் கோபிக்காது. அவ்விரவின் வரவைப் போரினாலோ தொழிலினாலோ உறுப்பிழந்தவர் குடும்பத்துக்கும், அவர்தம் பிள்ளைகளின் படிப்புக்கும் அளித்தால் பாட்டு முழுமை பெறும். கண்ணீர் போதாது என்பதைப் பிரதீப்பின் வழக்கு கற்பித்துவிட்டது.

தொல்காப்பியம் வகுத்த ஆறு நிலைகளில், சிரம்பான் தமிழ் வீரனுக்கு ஒன்றுகூட நாம் நிறைவேற்றவில்லை. அவனுக்கு எழவிருந்த ஒரே கல்லையும் பிரிட்டிஷார் தகர்த்தனர். ஆறாவது நிலையான வாழ்த்தலுக்குக் கல்லும் வேண்டா, அரசின் ஆணையும் வேண்டா. வாயும் மனமும் போதும். அதையாவது இவ்வாண்டே தொடங்குவோம்.